பாஸ்கம் வீட்டு ஏழாவது பிள்ளை

மாலை நாலேகால் மணி. நவம்பர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை. அந்த மாதத்தில் நாலேகாலுக்கு இங்கே வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மலைமேல் ஏறும் மண்சாலை... இரண்டு பக்கமும் சரிந்துபோன கல்சுவர். அதற்கு அப்பால் இலையெல்லாம் கொட்டி எலும்பாக நிற்கும் காடு. மூன்று மைலுக்கு ஒரு வீடு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். ஓட்டிக்கொண்டு போனவள் லோயிஸ் பாஸ்கம்.

நம் ஜோலின் இருக்கிறாளே, ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவள்... அவளுடைய அத்தைதான் இந்த லோயிஸ். அப்பாவுக்கு அக்கா. வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பேய் என்றால் சிரிப்பாள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தப் பனியில் கரண்டு இன்றைக்கு வராது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லோயிஸுக்கு ஒரு பித்துப் பிடித்தது. வம்சம் தேடும் பித்து. முதன்முதலில் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதில் சேரவேண்டும் என்றால் யாருக்கு யார் பிறந்தார்கள் என்று பத்துத் தலைமுறைக்கு அத்தாட்சி காட்டவேண்டும். பிறப்பு, கல்யாணம், சாவு. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

அவளுடைய தம்பி ராஸுக்கு, அதாவது ஜோலினின் அப்பாவுக்கு, இதெல்லாம் வேடிக்கை.

"சர்டிபிகேட் வாங்கி என்ன பண்ணப் போறே? சுவத்துல மாட்டுனா உன் கூரை ஒழுகறது நின்னுடுமா?"

"உன் பேர அதுல எழுதமாட்டேன், போடா."

"எழுதாதே. கூரைய மட்டும் மாத்து."

லோயிஸுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பெயர் என்றால் இரண்டு தேதி இருக்கவேண்டும். வந்த தேதி, போன தேதி. இரண்டும் கிடைக்காமல் எந்தப் பெயரையும் விடமாட்டாள்.

பழைய ஊர் அலுவலகத்தின் இரும்பு அறையில் முரியல் என்கிற எழுத்தர் முதல் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். கன்றுத்தோல் அட்டை. பக்கத்தைப் புரட்டினால் பழுப்புத் தூள் விரலில் ஒட்டும். இக்கபாட் பாஸ்கம், அவன் மனைவி டிசையர், அவர்களுடைய ஏழு பிள்ளைகள். அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு முன்னால் சோளம் போட்டுப் பிழைத்த ஜனங்களின் பெயர் அந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. பாஸ்கம்களின் பெயர் மட்டும் வரிசையாக இருந்தது. ஆறு பிள்ளைகளுக்கும் இரண்டு தேதி.

ஏழாவது ஒரு பெண். 1697 மார்ச்சில் பிறந்தவள். பக்கத்தில் வெறும் வெள்ளை.

அவளுடைய பெயரை இந்த அறையில் சொல்லவேண்டாம். அந்தக் காலத்தில் நல்ல குணங்களையே பிள்ளைகளுக்குப் பெயராக வைப்பார்கள். நன்றி, பொறுமை, அடக்கம்... அப்படி. இவள் பெயருக்கு 'அசையாமல் காத்திரு' என்று அர்த்தம். அது போதும்.

"உன் வம்சத்துக்கு வேண்டியது ஜேபஸ்தானே? ரெண்டாவது பையன். அவன்தான் கெடச்சுட்டானே. புஸ்தகத்த மூடிட்டுப் போயேன்" என்றாள் முரியல்.

"ஒரு கொழந்தை பொறந்திருக்கு, முரியல். எங்க போச்சுன்னு யாருமே எழுதல."

1704இல் அந்தக் குடும்பம் ஆற்றின் மேற்பக்கம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அந்த ஊர்த் தேவாலயப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. 'பிள்ளை விஷயத்தில் செய்த பாவத்தை டிசையர் பாஸ்கம் சபைமுன் எழுந்து ஒப்புக்கொண்டாள்.' என்ன பாவம் என்று இல்லை. அந்தப் போதகரின் நாட்குறிப்பு அங்கே ஒரு பெட்டியில் கிடக்கிறது, நகல் வரவழைத்துத் தருகிறேன் என்றாள் முரியல்.

நகல் வருவதற்குள் லோயிஸுக்குப் பொறுக்கவில்லை. குடும்பம் முதலில் குடியிருந்த இடத்தில் ஒரு கல்லறையாவது இருக்கும் என்று கிளம்பிவிட்டாள். அதனால்தான் அந்தச் சாலை, அந்த நாலேகால் மணி.

காட்டு வாசலில் எர்ல் டூசெட் நின்றிருந்தார். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர். மான் வேட்டைக் காலம். தன் வண்டியிலிருந்து ஒரு ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்து நீட்டினார்.

"இதப் போட்டுக்கம்மா. இல்லன்னா மானுன்னு சுட்டு உன்னயும் உன் பாட்டன் பக்கத்துலயே படுக்க வச்சிருவானுங்க. வருஷத்துக்கு ரெண்டு பேர் வந்துர்றீங்க, செத்தவனத் தேடிக்கிட்டு. உசுரோட இருக்கிற என்னைய ஒருத்தரும் தேடி வர்றதில்ல."

"ஒரு கொழந்தையோட கல்லறை இருக்கா அங்க?"

"கல்லறையெல்லாம் இல்ல. வீடு இருந்த பள்ளம் இருக்கு. பின்னால மேட்டுல கிழங்கு போட்டு வைக்கிற கல்லறை... கல்லால கட்டுன அறையச் சொல்றேன்... அது ஒண்ணு இருக்கு. சீக்கிரம் வந்துரு. இருட்டிரும்."

அவள் நடந்தாள். கால் மணி நேரம். வீடு இருந்த இடம் ஒரு பள்ளம், அதில் ஒரு மரம் முளைத்திருந்தது. பின்னால் மேடு. மேட்டைக் குடைந்து கல் வைத்துக் கட்டிய ஒரு அறை. வாசல் அவள் மார்பு உயரம்தான் இருக்கும். அந்த வாசலை அடைத்துக் கல் அடுக்கியிருந்தது. மேலே மட்டும் ஒரு இடைவெளி... ஒரு கிண்ணம் நுழைகிற அளவு.

வாசல்மேல் கிடந்த கல்லில் ஏதோ கீறல். கையிலிருந்த விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். தேய்ந்த எழுத்து அப்போதுதான் நிழல் விட்டுத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள். வகுப்பில் படித்துக் காட்டும் பழக்கம்.

அந்தப் பெயர்.

குருவிச் சத்தம் நின்றது.

ஒரு நெடி வந்தது. வினிகர். அதற்கு அடியில் கருகிய கம்பளி... அப்புறம் மேல் வரிசைக் கல் ஒன்று நகர்ந்தது. கீழே விழுந்தது. இன்னொன்று. இரண்டும் வெளிப்பக்கம் விழுந்தன.

உறைபனிக்குக் கல் நகரும் என்று லோயிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பி நடந்தாள். ஓடவில்லை. ஓடவில்லை என்று பிறகு ராஸிடம் இரண்டு தடவை சொன்னாள்.

காரில் ஏறிக் கீழே இறங்கும்போது கேட்டது. பின்னாலிருந்து.

டொக்... டொக் டொக்.

மரத்தில் மரம் தட்டுகிற சத்தம். வண்டியை நிறுத்திப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ரப்பர் காலணி, ஒரு போர்வை. வேறொன்றும் இல்லை. மறுபடி ஏறினாள்.

டொக்... டொக் டொக்.

ஐந்து நாள் கழித்து நன்றி நாள். வழக்கம்போல லோயிஸ் வீட்டில் விருந்து. வான்கோழி, குருதிநெல்லிக் கூழ், பூசணிக்காய்ப் பணியாரம். ராஸ் வந்தான். ஜோலின் தன் மகள் ஐவியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐவிக்கு ஏழு வயது.

"என்ன, வீடெல்லாம் ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுது?" என்றான் ராஸ்.

"ஜன்னல் தொடைச்சேன்" என்றாள் லோயிஸ். துடைக்கவில்லை. அந்த நெடி சனிக்கிழமையிலிருந்து போகவே இல்லை.

சாப்பாட்டு நடுவில் ஐவியைக் காணோம். பார்த்தால், வீட்டின் அடித்தளத்துக்கு இறங்கும் கதவுக்கு முன்னால் தன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டு காலி.

"இங்க என்னடி பண்றே?" என்றாள் லோயிஸ்.

"அவளுக்குப் பசிக்குதாம். கிண்ணத்தத் தட்டிக்கிட்டே இருந்தா. அதான் என்னோடத குடுத்தேன்."

"யாருக்கு?"

ஐவி அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதானே பாட்டி அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

லோயிஸ் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் ஐவிக்குக் காய்ச்சல். நாலாம் நாள் நெற்றியில், உள்ளங்கையில், உள்ளங்காலில் கொப்புளம். ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். முகமூடி, கையுறை, மேலங்கி இல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. ரத்தத்தை எடுத்து இரண்டு நகரத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. கண்ணால் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, காகிதத்தில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் மட்டும் நூற்று நாலைவிட்டு இறங்கவில்லை.

லோயிஸின் இடது தோளில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. அவள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான். அது அரிக்க ஆரம்பித்தது. ஐம்பத்தைந்து வருஷத்துத் தழும்பு, புதிதாகக் குத்தியதுபோலச் சிவந்து தடித்தது. ஜோலினின் தோளில் அந்தத் தழும்பு கிடையாது. ஐவிக்கும் கிடையாது. அதெல்லாம் நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தபோது முரியல் அனுப்பிய உறையைப் பிரித்தாள். போதகரின் நாட்குறிப்பு நகல். டிசையர் சபைமுன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

கடைசிப் பெண்ணுக்குப் பெரியம்மை கண்டது. மற்ற ஆறுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று புருஷன் அவளைக் கிழங்கறையில் வைத்து வாசலில் கல் அடுக்கினான். கிண்ணம் போக மட்டும் வழி. வினிகரில் நனைத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தாய் கூழ் கொடுத்தாள். பசித்தால் பிள்ளை கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும். ஒன்பதாம் நாள், ஊரை விட்டுக் கிளம்பவேண்டும் என்றான் புருஷன். வண்டி நிற்கிறது. தாய் அந்த இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னாள்: 'சத்தம் போடாமல் உட்கார்ந்திரு. நம் ஆள் ஒருவர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியே வராதே.' பிள்ளை 'சரி' என்றது.

அதற்குக் கீழே போதகர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். 'அவள் திரும்பிப் போகவில்லை. ஆற்றுத்துறைவரை கரண்டிச் சத்தம் கேட்டது என்கிறாள். இப்போதும் கேட்கிறது என்கிறாள்.'

லோயிஸ் காகிதத்தை மடித்தாள். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஏன் தேதி இல்லை என்பது புரிந்துவிட்டது. அது செத்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐவிக்கு வலிப்பு வந்தது. ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஜோலின் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுவதை லோயிஸ் பார்த்தாள். வீட்டுக்கு வந்தாள். சோளமாவைக் கூழ் காய்ச்சி ஒரு மரக்கிண்ணத்தில் ஊற்றினாள். அடித்தளக் கதவைத் திறந்து வைத்தாள். காரின் பின்கதவையும் திறந்து வைத்தாள்.

"வா கண்ணு. போலாம்."

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... காருக்குள் வினிகர் நெடி நிறைந்தது. பின் ஜன்னல் ஒன்று மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்து மங்கியது. கதவைச் சாத்தினாள். ஓட்டினாள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாளாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றி. பின்னாலிருந்து பதிலே இல்லை. டொக் டொக் மட்டும். அவள் பேச்சை நிறுத்தினால் அது கேட்கும். பேசினால் நின்றுவிடும். கவனமாகக் கேட்கிற பிள்ளை.

மேட்டில் முதல் பனி விழுந்திருந்தது. விளக்கை ஒரு கல்மேல் வைத்தாள். கிண்ணத்தை அறைக்குள் தள்ளினாள். உள்ளே கரண்டி அசைகிற சத்தம் கேட்டது, மெதுவாக, பசித்த பிள்ளை சாப்பிடுகிற சத்தம். விழுந்து கிடந்த கற்களை வெறுங்கையால் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். விரல் நகம் பெயர்ந்தது. இடைவெளியில் வாயை வைத்தாள். எல்லாச் சொல்லையும் அப்படியே சொன்னாள்.

"சத்தம் போடாம உக்காந்திரு. நம்ம ஆளு யாராவது உன்னப் பேர் சொல்லிக் கூப்புடற வரைக்கும் வெளிய வராதே."

கரண்டி நின்றது.

"சரி."

சின்னக் குரல். கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை என்று ராஸிடம் சொன்னாள்.

விடிவதற்குள் ஐவிக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில் கொப்புளம் உதிர்ந்தது. இன்றைக்கும் அவள் நெற்றியில் மூன்று குழி இருக்கிறது, ஜோலின் முடியை முன்னால் வாரி மறைத்துவிடுவாள்.

லோயிஸ் விண்ணப்பத்தை அனுப்பவே இல்லை. மூன்று வருஷம் சேர்த்த காகிதத்தையெல்லாம் அடுப்பில் போட்டாள். ஆனால் சனிக்கிழமை தவறாமல் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தாள். போகும்போது ஒரு கிண்ணம், கூழ் ஊற்றத் தன் இரும்புக் கரண்டி. வரும்போது போன வாரத்துக் கிண்ணம், காலியாக.

"நரி தின்னுட்டுப் போகுது. நீ நரிக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டிருக்கே" என்றான் ராஸ். அவன் குரலில் பழைய கேலி இல்லை.

"டிசையர் ஒரே ஒரு தடவதான்டா விட்டுட்டுப் போனா. நான் வாராவாரம் விட்டுட்டு வர்றேன்."

"நீ அப்படிச் செஞ்சதாலதான் ஐவி இருக்கா."

"டிசையரும் அதையேதான் சொல்லியிருப்பா. மத்த ஆறும் இருக்கேன்னு. அந்த ஆறுல ஒருத்தன் வழியாத்தானே நீயும் நானும் வந்தோம்?"

ராஸ் அந்தக் காலிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து லோயிஸ் போனை எடுக்கவில்லை. ராஸ் நேராக மலைக்கே போனான். காட்டு வாசலில் அவளுடைய கார் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் உறைபனி. சாவி உள்ளேயே இருந்தது. எர்ல் தன் வண்டியை அதன் பின்னால் நிறுத்திவிட்டுக் போலீஸ்காரர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து போனது, வரவே இல்லப்பா."

பனியில் ஒரே ஒரு கால்தடம் வரிசை. லோயிஸின் காலணி. மேட்டுவரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. வேறு எந்தப் பக்கமும் போகவில்லை.

கிழங்கறை வாசல் அடைத்திருந்தது. அடியிலிருந்து உச்சிவரை. அந்தக் கிண்ணம் போகிற இடைவெளிகூட இல்லை.

இரண்டு போலீஸ்காரர்களும் எர்லும் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பனியில் போட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. ராஸால் பார்க்க முடியவில்லை, மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் விளக்கோடு உள்ளே ஊர்ந்து போனார். ஆறடி நீளம், நாலடி அகலம். நாலு பக்கமும் கல். வேறு வழி இல்லை.

உள்ளே காய்ந்த இலை கிடந்தது. யாரும் இல்லை. எதுவும் இல்லை.

போலீஸ்காரர்கள் மோப்ப நாய் கொண்டுவரப் போனார்கள். எர்ல் மட்டும் அந்தக் கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருஷம் சுவர் கட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக. "பெரிய கல்ல வச்சதும் சந்துல சின்னச் சில்லு திணிக்கணும், இல்லன்னா நிக்காது. எந்தப் பக்கம் நின்னு கட்டறோமோ அந்தப் பக்கமிருந்துதான் திணிப்போம். இதுல வெளிப்பக்கம் ஒரு சில்லுகூட இல்ல தம்பி. எல்லாம் உள்பக்கம் இருந்துச்சு."

இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். ஐம்பது அடி போயிருப்பார்கள்.

டொக்... டொக் டொக்.

பின்னாலிருந்து. திறந்து கிடக்கிற அந்த வெற்று அறையிலிருந்து. எர்ல் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம் இன்னொரு சத்தம். டிங்... டிங் டிங். இது மரம் இல்லை. கல்லில் தட்டுகிற இரும்புக் கரண்டி.

ராஸ் திரும்பினான். அக்காவின் பெயர் அவன் தொண்டைவரை வந்துவிட்டது. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தான்.

இரண்டு சத்தமும் சட்டென்று நின்றன.

ராஸ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.